மலைக்குள் போன தண்ணீர்

பெரிய நிலநடுக்கம் வந்துபோன மறு ஆண்டு, மே மாதத்தில், டுலிமாயின் மூன்றாம் படிவயலில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றே ஆகவேண்டும். காலையில் நத்தை பொறுக்க இறங்கிய அவள் புருஷன் தயபான், கல்கட்டில் ஈரக்கோடு இறங்கியிருப்பதைப் பார்த்து விரலை வைத்து அளந்தான். இரண்டு விரற்கடை.

"மடையைச் சரியா அடைச்சீங்களா?" என்று வரப்பிலிருந்து டுலிமாய் கேட்டாள்.

"அடைச்சேன். என்னை நம்பலேன்னா மடையைக் கேளு."

"அப்ப தண்ணி எங்க போச்சு? நத்தை குடிச்சிடுச்சா?"

"குடிச்சிருந்தா கொஞ்சம் கொழுத்திருக்குமே. பாரு, எல்லாம் வெறும் ஓடா கிடக்கு."

மறுநாள் மூன்று விரற்கடை குறைந்தது. அதற்கடுத்த நாள் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

எங்கள் மலையில் வயல் மூத்த பிள்ளைக்குத்தான். ஆணோ பெண்ணோ, முதலில் பிறந்தது எதுவோ அதற்கு. அப்படித்தான் ஏழு படிவயலும், அவற்றுக்கு மேலே நின்ற காடும் டுலிமாய்க்கு வந்தன. காட்டையும் வயலையும் பிரித்துக் கொடுக்கிற வழக்கம் இங்கே கிடையாது. ஓடைத்தண்ணீர் காட்டின் நிழலுக்குள் ஒரு வாய்க்காலாக வந்து, அங்கேயே கொஞ்சம் ஊறி, மிச்சத்தோடு வயலில் இறங்கும். தம்பி கிம்மயோங்குக்கு வயல்களின் கீழே ஒரு வீட்டுமனையும், சர்க்கரைவள்ளி தவிர வேறெதுவும் வராத ஒரு காய்ந்த சரிவும் கிடைத்தன. நாற்பத்திரண்டு வயதிலும் அவன் பிறர் வயலுக்குச் சுவர் கட்டிப் பிழைத்தான். நானும் அவனோடு கல் சுமந்திருக்கிறேன். ஒரு கல்லை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, அது உட்கார விரும்புகிற இடத்தில்தான் வைப்பான். அவன் கட்டிய சுவர் சரிந்ததாக யாரும் சொன்னதில்லை. அவனுக்கென்று ஒரு சுவர் கட்டிக்கொள்ள மட்டும் நிலம் இருந்ததில்லை.

வந்தவன் சுவரடியை ஒரு நாள் முழுக்கத் தடவிப் பார்த்தான். எங்கள் மண்ணில் முழ நீளப் புழுக்கள் உண்டு. சுவரைத் துளைத்து ஒரு வயலையே இரண்டு நாளில் வற்ற வைத்துவிடும். அப்படித் துளை எதுவும் அகப்படவில்லை. கடைசியில் உமி கேட்டான். டுலிமாய் ஒரு கூடை உமி கொண்டுவந்தாள்.

"எல்லாரும் அசையாம நில்லுங்க. மச்சான், நீங்களும்தான். வெத்தலை அப்புறம் மெல்லலாம்."

உமியைத் தண்ணீர் மேல் தூவினான். கசிவு இருந்தால் உமி வெளிச்சுவரை நோக்கிப் போகும். எங்கே போய்க் கூடுகிறதோ அங்கே ஓட்டை. அன்று உமி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காற்றை எதிர்த்துக்கொண்டு, சுவருக்கு நேர் எதிர்ப்புறமாக, மலையை ஒட்டிய மூலைக்குப் போனது. அங்கே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று.

கிம்மயோங் அந்த மூலையில் ஒரு மூங்கிலை ஊன்றிக் காதை வைத்தான். நெடுநேரம் எடுக்கவேயில்லை.

"என்னடா கேக்குது?"

"ஆளுங்க பேசுற மாதிரி இருக்குக்கா. பக்கத்து வீட்டுல பேசுவாங்களே, சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது, அந்த மாதிரி."

"கல்யாணம் பேசுறாங்களான்னு கேளு," என்றான் தயபான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

களிமண்ணைப் பிசைந்து, புல்லைத் திணித்து, அந்த மூலையை மூன்று பேருமாக மிதித்து அடைத்தார்கள். விடிந்து பார்த்தால் களிமண்ணும் இல்லை, புல்லும் இல்லை. ஒரு சாண் தண்ணீர் இறங்கியிருந்தது. வாய்க்காலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டால்தான் கதிர் பிழைக்கும் என்று டுலிமாய் திறந்துவிட்டாள். எவ்வளவு விட்டாலும் மூலை குடித்தது.

ஒரு வாரம் கழித்து, கிம்மயோங்கின் பெண்டாட்டி அப்பலோனியா ஒரு மூங்கில் குழாயில் அயிரை மீன் கொண்டுவந்தாள். பச்சை இலையால் வாயை அடைத்திருந்தாள்.

"சோத்துக்குத் தொட்டுக்கங்க மதினி. இன்னிக்குப் பிடிச்சது."

"எங்க பிடிச்சே?"

"எங்க வயல்லதான்."

டுலிமாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எங்க வயலா? உங்களுக்கு ஏதுடி வயல்?"

அப்பலோனியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள் போல. "கிழங்குக் கொல்லையில ஊத்து கிளம்பியிருக்கு மதினி. ஆறு நாளாச்சு. இவரு சுத்திக் கல்லு கட்டிட்டாரு. நீங்களே வந்து பாருங்களேன்."

"காஞ்ச கொல்லையில அயிரை எப்படி வரும்?"

"அதுதான் எனக்கும் தெரியல. தண்ணியோட மண்ணுக்குள்ளேருந்து வருது."

அன்று மத்தியானமே டுலிமாய் இறங்கிப் போனாள். தம்பி இடுப்பளவு குழியில் நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பாய் விரிக்கிற அளவு வயல். சுவரோ, ஊரில் எந்தப் பெரிய வயலுக்கும் இல்லாத அழகு. ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் நடுவே நகம் நுழையாது. சரிவின் அடியிலிருந்து தண்ணீர் பொங்கிப் பொங்கி வந்தது. கொதிப்பதுபோலத் தெரிந்தாலும் தொட்டால் எலும்பில் குத்தியது அதன் குளிர்.

"கோழி அறுத்தோம்க்கா," என்றான். அவன் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்துப் பல வருஷம் இருக்கும். "பூசாரி பித்தப்பையைப் பாத்துட்டு, இவ்வளவு நல்ல குறி பாத்ததே இல்லைன்னாரு. கறுப்பா, முழுசா, பளபளன்னு இருந்துச்சு. செத்தவங்க குடுக்கறாங்கன்னு சொன்னாரு."

"நல்லதுடா."

"மூத்ததுக்கு எல்லாத்தையும் குடுத்தோமே, இவனுக்கு ஒண்ணும் இல்லையேன்னு அப்பாவுக்கு அங்க போயித்தான் புத்தி வந்திருக்கு."

டுலிமாய் குனிந்து தண்ணீரை ஒரு கை அள்ளினாள். உள்ளங்கையில், தண்ணீர்மேல் மிதந்து படரும் செம்பாசியின் பொடி இலைகள் நாலைந்து ஒட்டின. அந்தச் செம்பாசி அவளுடைய மூன்றாம் வயலில் மட்டும்தான் உண்டு. அவளே எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டது. இலைகளோடு ஓர் உமியும் இருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "சுவர் நல்லா வந்திருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"நம்ம தண்ணிதான் அங்க வருது."

"வரட்டுமே. வேத்தாளுக்கா போகுது?"

"எடுத்துக்கிட்டதப் பத்திச் சொல்லலங்க. எது வழியாப் போகுதுன்னு யோசிச்சீங்களா? நடுவுல நாலு வயல் இருக்கு. அதுக்கு அடியில அம்புட்டுத் தண்ணி போகுதுன்னா, அங்க மண்ணு இருக்கா இல்லையா?"

தயபான் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான்.

மறுநாள் காலை அவள் தனியாகக் காட்டுக்குப் போனாள். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. பதினாறு வயதிலிருந்து விறகும் பிரம்பும் எடுத்த காடு. எந்த மரத்துக்குப் பின்னால் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அன்று நடந்துகொண்டிருக்கும்போது எங்கேயோ 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டு என்று நினைத்தாள். நின்றாள். சத்தம் நிற்கவில்லை.

இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு பிரம்புக்கொடி உண்டு. தொங்கிப்போய், குழந்தைகள் ஊஞ்சலாடுகிற மாதிரி வளைந்து கிடக்கும். அது இப்போது விறைத்து நின்றது. காற்றே இல்லாத காட்டில் அது மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டாள். பல்லுக்குள் கூசியது. கொடி குட்டையாகாது. அப்படியானால் மரங்கள் விலகியிருக்கின்றன.

கொடிக்குக் கீழே சருகு மூடிய தரையைக் கைத்தடியால் குத்தினாள். தடி போனது. அவள் கை போனது. தோள் வரைக்கும் போயும் அடி தட்டவில்லை. உள்ளேயிருந்து, வாய் திறந்து யாரோ மூச்சு விடுவதுபோல, ஈரமான குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது. சருகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெடிப்பு அவளுக்கு இடமும் வலமுமாகப் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. மேல்பக்கம் ஒரு காடு, கீழ்பக்கம் ஒரு காடு. வாய்க்கால் அந்த வெடிப்பைக் கடக்கிற இடத்தில், வருகிற தண்ணீரில் பாதி சத்தமில்லாமல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் வயலின் மூலை மட்டுமல்ல, காடும் குடித்துக்கொண்டிருந்தது.

ஓடவில்லை. ஓடினால் தன் காலடிக்கே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கி வந்தாள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது நான் கூப்பிட்டேன். காதில் விழவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் ரேடியோவில் புயல் சொன்னார்கள். நாலு நாளில் வருமாம்.

"வாய்க்காலைத் தலையிலேயே வெட்டி ஓடையில திருப்பிடணும்," என்றாள் டுலிமாய். "ஏழு வயலையும் ஓடைப்பக்கம் உடைச்சு வடிய விடணும். மலைக்குள்ள இனி ஒரு சொட்டு போகக் கூடாது."

"கதிர் பதராப் போயிடும்."

"போகும்."

"வயல் காஞ்சா வெடிக்கும். சுவர் நிக்காது."

"தெரியும்ங்க. எனக்குத் தெரியாததா சொல்றீங்க? கீழே தம்பி வீடு இருக்கு."

காலையில் இருவரும் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைக்குப் போனார்கள். கிம்மயோங் அவர்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தான். வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில், இரு கரையிலும் கை ஊன்றி நின்றான். தயபான் முந்தின ராத்திரியே அவனிடம் போய்ச் சொல்லியிருந்தான். வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லப் போய், தண்ணீரை நிறுத்தப் போவதையும் சொல்லிவிட்டான்.

"மேல ஏறுடா அங்கேருந்து," என்றாள் அக்கா.

"மாட்டேன். நீ மேல போயி வேற ஏதாவது வெட்டிக்கோ."

"மலை பொளந்திருக்கு. வா, காட்டறேன். நீயே கையை விட்டுப் பாரு."

"நிலநடுக்கத்துல எல்லா மலையும்தான் பொளந்துச்சு. நின்னுக்கிட்டுதானே இருக்கு? வயலு உனக்கு. காடு உனக்கு. நான் என்னிக்காவது ஒரு வார்த்தை கேட்டேனா? உன் சுவரை நான்தானே கட்டினேன்? ஒரு பாய் அகலம்க்கா. அந்த மலையே பாத்துக் குடுத்தது. அதையும் அடைக்க வந்துட்டியே."

"என் வயல் ஏழும் காயப்போகுதுடா. எனக்கு இதுல என்ன லாபம்?"

"பொறாமைக்கு லாபம் எதுக்கு?"

தயபான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டுலிமாய் கையைக் காட்டி நிறுத்தினாள். தண்ணீர் கிம்மயோங்கின் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பனிக்குள் எங்கேயோ அந்தக் கொடியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது அப்பலோனியா மேலேறி வந்தாள். மூச்சு வாங்கியது. புருஷனைப் பார்க்காமல் மதினியைப் பார்த்துப் பேசினாள்.

"வீட்டுக் கதவு நாலு நாளாத் தானாத் திறக்குது மதினி. சாத்தினா நிக்கல. நேத்து கம்பை முட்டுக் குடுத்தேன். கம்பு வளைஞ்சு போச்சு. படுத்தா தூண் வழியாப் பல்லு நெறநெறன்னு கடிக்கிற சத்தம். கோழியெல்லாம் வீட்டுக்கு அடியில அடைய மாட்டேங்குது, எதுத்த மேட்டுக்குப் போயிடுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான் கிம்மயோங்.

"எப்படிச் சொல்றது? பதினெட்டு வருஷத்துல நீங்க இவ்வளவு சிரிச்சு நான் பாத்ததில்லையே."

சொல்லிவிட்டு அவள் தயபான் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். புருஷன் நின்ற இடத்துக்கு நாலடி மேலே, வாய்க்கால் கரையில் முதல் வெட்டு அவள்தான் போட்டாள். இரண்டாவது வெட்டுக்குத் தண்ணீர் திரும்பியது. கிம்மயோங் காலடியில் அது மெல்ல மெல்ல இறங்கி, சேறாகி, கடைசியில் கூழாங்கல் தெரிந்தது. அவன் வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று முழுக்க ஏழு வயலையும் உடைத்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் உதவிக்குப் போனோம். பால் பிடித்த கதிர் நிற்கிற வயலை உடைப்பது பிரசவித்தவளைப் பட்டினி போடுகிற மாதிரி. மீன்கள் சேற்றில் துள்ளின. அவற்றை யாரும் பொறுக்கக் கூடாது என்றாள் டுலிமாய்.

மறுநாள் ஊற்று நின்றது. கிம்மயோங் பானை சட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் வீடு எதிர் முகட்டில், பாறைமேல். ஒரே கூரைக்கு அடியில் பன்னிரண்டு நாள் இருந்தார்கள். அவன் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "கிழங்கு வேணுமான்னு உன் தம்பியைக் கேளு," என்று அவள் அப்பலோனியாவிடம் சொல்வாள். எதிரே உட்கார்ந்திருப்பவன், "போதும்னு சொல்லு," என்பான். "இவரு எப்ப எனக்குத் தம்பியானாரு?" என்று அப்பலோனியா சலித்துக்கொள்வாள்.

புயல் வந்தது. மூன்று நாள் மழை சாய்த்து அடித்தது. டுலிமாய் வாசலிலேயே உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை நின்றது, மேகம் கலைந்தது, மலை அப்படியே நின்றது. கிம்மயோங் வீடும் நின்றது. வயல்களில் கதிர் நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒன்றும் இல்லாததால் நிமிர்ந்து நின்றது. கையில் உருவினால் காற்றில் பறந்தது. ஊரில் முணுமுணுத்தார்கள். தம்பிக்கு ஒரு பிடி தண்ணீர் கிடைத்தது பொறுக்காமல் தன் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று என் வீட்டிலேயே பேச்சு நடந்தது. நான் மறுக்கவில்லை. இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், "மலை நிக்குதுன்னு சொல்லு உன் மதினிகிட்ட," என்று சொல்லிவிட்டுக் கிம்மயோங் தன் வீட்டுக்குப் போனான். அப்பலோனியா போகவில்லை.

அன்று நல்ல வெயில். ஈரத்துணியெல்லாம் வெளியே காய்ந்தது. மத்தியானம் நான் முகட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். பறவைச் சத்தம் நின்றதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகு ஒரு சத்தம். தந்தி அறுகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். டுலிமாயின் காடு நடந்துகொண்டிருந்தது.

விழவில்லை. புரளவில்லை. மரங்கள் நின்ற நிலையிலேயே, கிளை அசங்காமல், சாவு வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரி மெதுவாக இறங்கின. மேல் மூன்று வயல்கள் அதன் அடியில் மடிந்தன. நாலாவது சிதறியது. ஓடினால் முந்திவிடலாம் என்கிற வேகம்தான். டுலிமாய் முகட்டிலிருந்து தம்பியின் பெயரைக் கத்தினாள். அந்தக் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. காடு வலப்பக்கம் கொஞ்சம் திரும்பி, கிழங்குச் சரிவில் இறங்கி, கிம்மயோங் வீட்டுக்கு எட்டு அடி மேலே நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் வீட்டு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். முகத்துக்கு நேரே ஒரு பெரிய மரம். நேற்றுவரை அங்கே வானம்தான் இருந்தது.

"ஓடியிருக்கலாமேடா," என்று டுலிமாய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"காலு வரலக்கா." பன்னிரண்டு நாளுக்குப் பிறகு பேசிய பேச்சு அது. "வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துட்டு நின்ன மாதிரி நின்னுது. இன்னும் பாக்குற மாதிரிதான் இருக்கு."

பிறகு அரசாங்கத்திலிருந்து மண் பார்க்கிற ஒருவர் வந்தார். மழையோடு வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து மலைக்குள் போயிருந்தால் காடு அங்கே நின்றிருக்காது, ஆறுவரை போயிருக்கும் என்றார். கிம்மயோங் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலம் அக்காவின் மிச்சமிருந்த மூன்று வயலின் சுவரடியில் அவன் கல் அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் ஓடையின் மறுகரை வழியாகப் புது வாய்க்கால் வெட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. முதல் தண்ணீர் வந்த அன்று, மூன்றில் அடி வயலை உனக்கு எடுத்துக்கோ என்று டுலிமாய் சொன்னாள். வழக்கம் தெரிந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் கேட்கவில்லை.

இடம்பெயர்ந்த காடு சாகவில்லை. சில மரங்கள் சாய்ந்தன, மற்றவை துளிர்த்தன. கிம்மயோங் புது வீட்டை முகட்டில் கட்டிக்கொண்டாலும் அந்தக் காட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தான். டுலிமாய் போகவேயில்லை. ஒரு நாள் பிரம்பு வேண்டியிருந்தது. தம்பியும் வெட்டப் போயிருந்தான். பின்னாலேயே நுழைந்தாள்.

எல்லாம் அவளுடைய மரங்கள். ஒவ்வொன்றின் கணுவும் தழும்பும் தெரியும். ஆனால் காடு திரும்பியிருந்தது. காலை வெயில் பட வேண்டிய முதுகுகளில் பாசி படர்ந்திருந்தது. இந்த மரத்துக்கு இடப்பக்கம் ஓடை என்று திரும்பினால், அங்கே ஓடை இல்லை. வந்த வழியென்று நடந்தாள். அது ஆழமாகப் போயிற்று. நின்று சுற்றிப் பார்த்தாள். தெரிந்த முகங்கள் எல்லாம் சுற்றி நின்றன. ஒன்றுக்கும் அவளைத் தெரியவில்லை.

"தம்பி!" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"இங்க இருக்கேன்க்கா. அசையாம நில்லு," என்று எங்கிருந்தோ பதில் வந்தது. "நான் வர்றேன். எனக்கு வழி தெரியும்."